நெடுங்குட்டத்தின் கறுப்பு

பிப்ரவரி 13, திங்கள்

வானம்: அரைத் தெளிவு. உப்பளம் பக்கம் மெல்லிய வெள்ளைத் திரை.

வீட்டு மொட்டைமாடியை எனக்கு முன்பே என் மனைவி பகவதி பிடித்துவிட்டாள். பாய் முழுக்க மோர் மிளகாய். "வானத்தப் பாக்க மாடி முழுசும் வேணுமாக்கும்? ஒரு ஓரமா நின்னு பாருங்க" என்றாள். இருபத்தாறு வருடமாக என் நாட்குறிப்பின் முதல் வரி வானம்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக ஒரு மிளகாயைக்கூட நகர்த்த மாட்டாள்.

ஆய்வகத்தில் இயக்குநர் வேதநாயகம் கூப்பிட்டார். அனல் மின் நிலையத்தின் சாம்பல் தொட்டி கசிந்து ஓடையில் கலக்கிறது என்று கீழமுள்ளிக்காட்டு ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு ஏப்ரல் ஐந்தாம் தேதி தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு வருகிறது. புதிய செயற்கைக்கோள் படத்தை வைத்துப் புதிய அறிக்கை வேண்டுமாம். "போன தடவை மாதிரியே இருக்கட்டும் தாணு. நீர் கையெழுத்துப் போட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். போன தடவை கசிவு இல்லை என்று எழுதினேன். படத்தில் இல்லை, அதனால் எழுதினேன். இதில் 'மாதிரியே' என்ன வேண்டிக்கிடக்கிறது?

நாளை மறுநாள் பத்தரை மணிக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும். அதே நேரத்தில் தரையில் நின்று தண்ணீரின் வெளிச்சத்தை அளக்க வேண்டும். கில்பர்ட் மச்சாது போவான். ஏழு வருடமாக எங்கள் களப்பணியெல்லாம் அவன்தான். கடற்கரைப் பையன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதாகிறது, மகள் பத்தாவது படிக்கிறாள்.

"சார், உங்க குட்டத்துக்குப் போறேன். எதும் சொல்லணுமா?" என்றான்.

"நான் கேட்டதாகச் சொல்லு."

"பதினோரு வருசமா எட்டிக்கூடப் பாக்கல. கோவிச்சுக்கிட்டு இருக்கும் சார்."

ஓடை தொடங்கும் இடத்தில் கிடக்கிற ஆழமான நீர்க்குட்டைதான் நெடுங்குட்டம். ஆய்வகத்தில் எல்லாரும் அதைத் தாணு குட்டம் என்றுதான் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 14, செவ்வாய்

வானம்: தெளிந்து வருகிறது.

சாப்பிடும்போது பகவதி கேட்டாள், அந்தக் குட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. ஒன்றுமே இல்லாததுதான் அதன் பெருமை என்றேன். முறைத்தாள். சரி என்று விளக்கினேன்.

செயற்கைக்கோள் எழுநூறு கிலோமீட்டர் மேலே இருந்து படம் எடுக்கிறது. நடுவில் காற்று, தூசி, உப்பு, புகை. தரையின் வெளிச்சத்தோடு இந்தக் காற்றின் வெளிச்சமும் கலந்து மேலே போகும். அதைக் கழித்தால்தான் தரை தெரியும். எவ்வளவு கழிப்பது? படத்திலேயே மிகக் கறுப்பான இடத்தைத் தேட வேண்டும். ஆழமான, தெளிந்த, அசையாத தண்ணீர். அங்கிருந்து வெளிச்சமே வரக் கூடாது. ஏதாவது வந்தால் அது காற்றுடையது. அந்த அளவைப் படம் முழுக்கக் கழித்துவிட வேண்டியதுதான். கடலில் அலை பளபளக்கும், நம்ப முடியாது. அதனால் பதினோரு வருடத்துக்கு முன்னால் நானே தோணியில் போய் நெடுங்குட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். குனிந்து பார்த்தால் அடியே தெரியவில்லை, அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. அன்றிலிருந்து எங்கள் மாவட்டப் படங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு.

"எண்ணெய் வாங்கும்போது முதல்ல வெறும் பாத்திரத்த நிறுத்துக் கழிப்பான்லா, அதுதானே?" என்றாள்.

அதேதான். முப்பது வருடப் படிப்பை ஒரு தூக்குவாளிக்குள் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 15, புதன்

வானம்: துல்லியம். இந்த வருடத்தில் இப்படி ஒரு நாளைப் பார்க்கவில்லை. மாடியில் இருந்து துறைமுகத்துக் கப்பல்களின் கொடிமரம் தெரிந்தது. மிளகாய் ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டதென்று பகவதிக்குச் சந்தோஷம்.

காலையில் கில்பர்ட் கிளம்பும்போது வழக்கமான கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. வெள்ளைச் சட்டை போட்டால் அதன் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து அளவைக் கெடுக்கும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "வீட்டுக்காரி தினம் கேக்கா சார், யாரு செத்தான்னு கறுப்பு போடுறீகன்னு" என்று சிரித்தான்.

மத்தியானம் வெண்டைக்காய் புளிக்குழம்பு. மின்சாரம் ஒரு மணி நேரம் இல்லை. மாலை வரை கில்பர்ட் திரும்பவில்லை. நேரே வீட்டுக்குப் போயிருப்பான்.

கில்பர்ட்டிடம் இருந்து போன் எதுவும் வரவில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

கில்பர்ட் இறந்துவிட்டான். நெடுங்குட்டத்தில். உப்பளத்து ஆட்கள் காலையில் பார்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 17, வெள்ளி

வானம் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கறுப்பில். அவன் மட்டும் வெள்ளை வேட்டி சட்டையில் பெட்டிக்குள் கிடந்தான். அவனை அந்த நிறத்தில் பார்த்ததே இல்லை.

மாலையில் ஆய்வாளர் வந்து விசாரித்தார். கடைசியாக அவன் பேசியது என்னிடம்தானாம். பத்து இருபத்தைந்துக்கு, ஒரு நிமிடம் நாற்பது விநாடி. சிக்னல் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டார். "நீச்சல் தெரிஞ்ச ஆளு, காத்து இல்ல, அலை இல்ல. குடிச்சதாவும் தெரியல. வீட்டுல எதும் பிரச்சினையா சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

மிளகாயை டப்பாவில் அடைக்க உதவினேன். கண் எரிந்தது.

பிப்ரவரி 22, புதன்

வானம்: புகைமூட்டம்.

ஜெனோவா வந்திருந்தாள், கில்பர்ட்டின் மனைவி. இன்று சாம்பல் புதன். பூசைக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறாள். நெற்றியில் சாம்பல் சிலுவை. பகவதி காப்பி கொடுத்தாள். தொடவில்லை.

"அனல் நிலையத்துக்காரங்க பேப்பர்ல குடுத்துட்டாக சார். குட்டத்துல சுத்தமான தண்ணி, சகதி கிடையாதுன்னு உங்க ஆபீஸ் அறிக்கையே சொல்லுதாம். நீச்சக்காரன் சுத்தமான தண்ணியில சாவானா, தானா போய் விழுந்திருக்கான்னு சொல்லுதாக. போலீசும் அதத்தான் எழுதப் போகுது."

காப்பி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"பொட்டி மூடுறதுக்கு முன்னால நான்தான் சார் அவுகளக் குளிப்பாட்டுனேன். முழங்காலு வரைக்கும் சாம்பல். சுண்ணாம்பு பூசுன மாதிரி. தேச்சுத் தேச்சு என் கை வெளுத்துது, அவுக காலு வெளுப்பு போகல. நகக்கண்ணுக்குள்ள பூரா அதுதான். சுத்தமான தண்ணியில எப்படி சார் வரும்?"

கரைச் சேறாக இருக்கலாம் என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

பைக்குள் இருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். கில்பர்ட்டின் களக் குறிப்பு நோட்டு. கரையில் கிடந்த பையில் இருந்ததாம். "எனக்கு நம்பரெல்லாம் புரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க. எம்புள்ள ஆக்னஸ் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா. அப்பா நம்மள வேணாம்னுதான் போயிட்டாரான்னு தினம் கேக்கா. நான் என்ன சொல்லட்டும்?"

பார்க்கிறேன் என்றேன். அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்ன பார்வை என்று புரியவில்லை. நோட்டை மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

பதினைந்தாம் தேதிப் படம் வந்துவிட்டது. நானே உட்கார்ந்து திருத்தினேன். வழக்கப்படி குட்டத்தைக் கழித்தேன். குட்டம் சுழியம் காட்டியது. ஓடையிலும் கசிவு இல்லை. எல்லாம் போன தடவை மாதிரியே.

ஒன்றே ஒன்று. கடல் சுழியத்துக்குக் கீழே போகிறது. கழித்தல் இரண்டு, கழித்தல் மூன்று. கறுப்புக்கும் கீழே ஒரு கறுப்பு கிடையாது. விழுந்த வெளிச்சத்தைவிட அதிகமாக யாரும் விழுங்க முடியாது. இது புதிதல்ல, மூன்று வருடமாக இருக்கிறது. மென்பொருள் அதைத் தானாகச் சுழியமாக்கிவிடும், நாங்களும் கண்டுகொள்வதில்லை.

இன்று மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கரையோரம் முழுக்கக் கீழே, கீழே என்று எண்கள். பளபளக்கிற கடல் எப்படிக் கறுப்புக்கும் கீழே போகும்? கணினியை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 3, வெள்ளி

வானம்: மெல்லிய புழுதி.

இன்று செயற்கைக்கோள் வரும் நாள். ஆய்வக மாடியில் சூரியனை அளக்க ஆள் இல்லை. வானத்தில் எவ்வளவு தூசி என்று காட்டும் கைக்கருவி அது. ஏழு வருடமாக கில்பர்ட் பத்தரைக்கு ஏறி அளந்து பதிவேட்டில் எழுதுவான். அந்தப் பதிவேட்டை யாரும் பார்த்ததில்லை. குட்டம் இருக்கும்போது அது எதற்கு?

நான் ஏறினேன். சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும், நம் நிழல் நமக்குப் பின்னால் விழ வேண்டும். கருவியைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள். மூச்சுச் சத்தம் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை, ஆனால் நிற்கிறார்கள். அந்த வெயிலிலும் பின்கழுத்து குளிர்ந்துபோயிருந்தது. மாடிப்படிக் கதவைத் தாண்டி அங்கே யாரும் வர வழியில்லை, அதை நானே சாத்தியிருந்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. பக்கவாட்டிலேயே நடந்து, சுவரைத் தடவிக்கொண்டு படிக்கு வந்தேன். பதிவேட்டில் எழுத மறந்துவிட்டேன்.

மார்ச் 4, சனி

பதிவேட்டில் நேற்றைய தேதியில் அளவு எழுதியிருக்கிறது. 0.37.

மார்ச் 9, வியாழன்

வானம்: அதே புழுதி.

ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவது கில்பர்ட்டின் பழக்கம். மூன்றாம் தேதி அளவில் அந்தக் கோடு இருக்கிறது. ஐந்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பால் அட்டையில் பதினேழு என்று எழுதினேன். பகவதி பார்த்துவிட்டு, "இதென்ன புதுசா ஏழுக்கு இடுப்புல கோடு?" என்றாள். என் கையைப் பார்த்தேன். என் கைதான்.

"கொஞ்ச நாளா பாக்கேன். தினமும் கறுப்புச் சட்டையே போடுதீங்க. யாருக்காக்கும் துக்கம்?"

கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிறேன் என்றேன்.

"பத்து மணி ஆனா போனக் கொண்டுபோய் அரிசி டிரம்முல போடுதீங்க. லீவு நாள்லயும். நான் பாக்கலைன்னா நெனச்சீங்க?"

சார்ஜ் சூடாகிறது என்றேன். அரிசி குளிர்ச்சி என்றேன். என்ன ஒரு விளக்கம்! அவள் முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தாள்.

மார்ச் 14, செவ்வாய்

வானம்: தெளிவு. தெளிவாக இருந்தாலே பயமாக இருக்கிறது.

அறிக்கை தயார். முதல் வரி: 'பிப்ரவரி 15 அன்று வளிமண்டலத்தில் அடர்த்தியான மூட்டம் நிலவியது, அது நீக்கப்பட்டது.' குட்டத்தில் இருந்து வந்த வெளிச்சத்தை எல்லாம் மூட்டம் என்று கொண்டால் அப்படித்தான் எழுத வேண்டும். வேதநாயகம் படித்துவிட்டுத் தலையாட்டினார். கையெழுத்து முப்பத்தொன்றாம் தேதிக்குள் போதுமாம்.

ஜெனோவா போன் செய்தாள். "நோட்டப் பாத்தீகளா சார்?" இன்னும் இல்லை, வேலை என்றேன். "பாருங்க சார். அவசரமில்ல" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17, வெள்ளி

கில்பர்ட்டுக்கு முப்பதாம் நாள் பூசை. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி பகவதியை மட்டும் அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

திரும்பி வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ள ஒரு வாய் சோறு திங்கல்ல. பரீட்சை எழுத மாட்டேன்னு சொல்லிப்போட்டு. அப்பாவே வேண்டாம்னு போனப்பொறவு நான் பாஸாகி யாருட்ட காட்டணும்னு கேக்கு. எனக்கு அங்க நிக்க முடியல."

பிறகு கேட்டாள்: "நான் ஒண்ணு கேக்கேன். அந்தப் பாத்திரத்த நிறுத்துக் கழிக்கிற கதை. பாத்திரத்துக்குள்ளயே அடியில எண்ணெய் உறைஞ்சு கெடந்தா? அதையும் பாத்திரம்னே கழிச்சிருவான்லா?"

"கழித்துவிடுவான்."

"அப்போ எத்தனை தடவை நிறுத்தாலும் பாத்திரம் காலின்னுதானே காட்டும்?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பிப்ரவரி இருபத்து நான்கிலிருந்து, ஏன், மூன்று வருடமாகவே எனக்குத் தெரிந்த விஷயம் அது.

மார்ச் 19, ஞாயிறு

வானம்: தெளிவு.

செயற்கைக்கோள் வரும் நாள். ஆய்வகத்தில் யாரும் இல்லை. மாடியில் அதே குளிர், அதே ஆள். இந்தத் தடவை பேசினேன். "அளந்து எழுதிட்டுக் கீழ போயிருவேன் கில்பர்ட்" என்றேன். பதில் இல்லை. இருந்திருந்தால் விழுந்தே செத்திருப்பேன்.

கீழே வந்து இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கம், அவன் கையெழுத்தில்:

பிப். 15, நெடுங்குட்டம் வடகரை.
10.15. வானத் தூசி 0.17. நல்ல தெளிவு.
10.20. கரைத் தண்ணீர் அளவு, மூன்று தடவை. தண்ணீர் வெளுப்பு. சாம்பல் நிறம். இது கறுப்பு இல்லை.
10.25. தாணு சாருக்கு போன். உள்ளே போய் எடுக்கச் சொன்னார். போகிறேன்.

பதினேழின் ஏழுக்குக் குறுக்கே கோடு.

மார்ச் 20, திங்கள்

எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 15 பக்கத்தில் 'போன் எதுவும் வரவில்லை' என்று இருக்கிறதே, அது பதினாறாம் தேதி எழுதியது. உற்றுப் பார்த்தால் மை வேறு. நாட்குறிப்பில் பொய் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது? படிக்கப்போகிறவனே நான் ஒருவன்தான்.

போன் வந்தது. சிக்னல் கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் காதில் இருக்கிறது.

"சார், தண்ணி வெளுத்துக் கெடக்கு. சாம்பல் படிஞ்சிருக்கு சார், கரையிலயே தெரியுது. இத வச்சாக்கும் நாம இத்தன வருசம் கழிச்சிக்கிட்டு இருக்கோம்? எல்லாம் தப்பாயிருமே சார்."

எனக்குச் சுருக்கென்றது. என் குட்டத்தைச் சொல்கிறான். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த தொழிலை வைத்து எனக்கே தப்புச் சொல்கிறான். "கரையில் நின்னு எடுத்தா அப்படித்தான் இருக்கும். படத்துல ஒரு கட்டம்கிறது முப்பது மீட்டர். கரை அளவு செல்லாதுன்னு ஏழு வருசமா சொல்றேன், மண்டையில ஏறலையா? உள்ளே போ. தோணி இல்லைன்னா இறங்கியாவது நடுவுல போய் எடுத்துட்டு அப்புறம் பேசு" என்றேன்.

"காலு புதையும்போல இருக்கு சார்."

"அங்க சகதியே கிடையாது. அறிக்கையில பாக்கல? நானே தோணியில போய்ப் பாத்த இடம்."

"சரி சார்" என்றான்.

மார்ச் 24, வெள்ளி

வானம்: தெளிவு.

நான்கு நாளாக வேறு வேலை இல்லை. குட்டத்தை விட்டுவிட்டேன். கில்பர்ட் அன்று அளந்த 0.17 என்ற தூசிக்குக் காற்று எவ்வளவு வெளிச்சம் தருமோ அதை மட்டும் கணக்கிட்டுக் கழித்தேன். கடல் சுழியத்துக்கு மேலே வந்தது. குட்டம் திரையில் எழும்பி வந்தது, வெளிறிப்போய். அங்கிருந்து ஒரு வெள்ளை நாக்கு ஓடை வழியாக ஊர்க் கிணறுகள் வரைக்கும்.

பிறகு மாடிப் பதிவேடுகளை எடுத்தேன். ஏழு வருடம், செயற்கைக்கோள் வந்த ஒவ்வொரு நாளும், காய்ச்சலோ கல்யாணமோ, பத்தரை மணிக்கு ஓர் அளவு. யாரும் பார்க்கமாட்டோம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான். அதை வைத்துப் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைக்குப் பிறகு குட்டம் வெளுக்க ஆரம்பிக்கிறது. அன்றிலிருந்து சாம்பல் கூடக் கூட, அதை மூட்டம் என்று சொல்லி நான் கூடுதலாகக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். மாவட்டத்திலேயே சுத்தமான தண்ணீர் நெடுங்குட்டம் என்று நான் எழுதிய ஒவ்வொரு முறையும் அதன் அடியில் சகதி ஓர் அடி ஏறியிருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு நாற்காலியிலேயே அழுதேன். துப்புரவு செய்யும் அம்மாள் வந்து பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 28, செவ்வாய்

வேதநாயகத்திடம் புதிய அறிக்கையைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"பதினோரு வருஷ அறிக்கை அம்புட்டையும் நீரே பொய்யாக்குறீரு."

"மூணு வருஷத்து அறிக்கை."

"அன்னைக்கு மூட்டம் இல்லைன்னு என்ன சாட்சி? செத்தவன் நோட்டு ஒண்ணு. அனல் நிலையத்து வக்கீல் விடுவானா? கரையில குந்திக்கிட்டு எழுதினதும்பான்."

பகவதியின் மிளகாய் ஞாபகம் வந்தது. "அன்னைக்கு வானம் எப்படி இருந்துச்சுன்னு நானே எழுதி வச்சிருக்கேன் சார். அன்னைக்கே."

"எதுல?"

நாட்குறிப்பில் என்றேன். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தைக் கொடுத்தால் அதே பக்கத்தின் கடைசி வரியும் சேர்ந்துதான் போகும். மை வேறு என்று யார் கண்ணிலும் படும்.

ஏப்ரல் 2, ஞாயிறு

வானம்: துல்லியம்.

குருத்து ஞாயிறு. ஜெனோவா வீட்டு வாசலில் ஓலைச் சிலுவை செருகியிருந்தது. பகவதியும் கூட வந்தாள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஜெனோவா உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எண்களை முதலில், பிறகு போனை. வரிக்கு வரி. தலை நிமிரவில்லை.

"தெரியும் சார்" என்றாள் ஜெனோவா.

நிமிர்ந்து பார்த்தேன்.

"நம்பருதான் எனக்குப் புரியலன்னேன். அந்தக் கடைசி வரி தமிழ்லதான இருந்துச்சு. அத வாசிச்சுட்டுத்தான் கொண்டுவந்து உங்க கையில குடுத்தேன்."

பகவதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா அன்னைக்கே போலீஸ்ல குடுக்கல?" என்று கேட்டேன்.

"குடுத்தா என்ன சொல்லுவாக? உள்ள போகச் சொன்னாரு, சுத்தமான தண்ணிதான, அப்புறம் ஏன் செத்தான்னுதான் கேப்பாக. தண்ணி சுத்தமில்லன்னு நீங்க சொன்னாத்தான் சார் செல்லும். நான் சொன்னா புருசன் செத்த கோவம்பாக." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நோட்ட நீங்க எரிச்சிருக்கலாம். ஒவ்வொரு நாளும் எரிச்சிருப்பீகன்னுதான் நெனச்சேன். அதான் உங்ககிட்ட குடுக்குறதுக்கு முன்னாலயே அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து வச்சிக்கிட்டேன். ஆனா தவக்காலம் முடியுற வரைக்கும் உங்களுக்கு நாள் குடுக்கணும்னு இருந்தேன். அவுக உங்கள ரொம்ப மதிச்சாக சார்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம்.

பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். ஆக்னஸ் வந்து கதவோரம் நின்றது. கில்பர்ட்டின் அதே நெற்றி.

"எங்கிட்ட சொன்னத இவகிட்டயும் சொல்லுங்க."

சொன்னேன். "உங்க அப்பா தானா போகலம்மா. உங்கள விட்டுட்டுப் போகணும்னு நெனக்கவே இல்ல. தண்ணிக்குள்ள சகதி இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, சொன்னாரு. நான்தான் இல்லைன்னு சொல்லி உள்ளே போகச் சொன்னேன்."

பிள்ளை அழவில்லை. என்னையே பார்த்தது.

"அப்பா கடைசியா என்ன சொன்னாங்க?"

"சரி சார்னு சொன்னாரு."

அது தலையை ஆட்டியது, வீட்டில் தினமும் கேட்ட சொல்தான் என்பதுபோல. பிறகு அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, இத்தனை நாள் அழாததையெல்லாம் அழுதது. நாங்கள் கிளம்பிவிட்டோம். வாசல்வரை யாரும் வரவில்லை, வரக் கூடாதுதான்.

ஏப்ரல் 4, செவ்வாய்

இந்த நாட்குறிப்பு நாளை தீர்ப்பாயத்துக்குப் போகிறது. ஊர்க்காரர்களின் வழக்கறிஞர் காலையில் வாங்கிக்கொள்வார். பிப்ரவரி 15 பக்கத்தில் அந்தக் கடைசி வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் 'இது பொய், மறுநாள் எழுதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளரிடமும் போய் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். வேலையில் இருந்து நீக்கி வைத்திருக்கிறார்கள். பகவதி இரண்டு பேருக்குமாகச் சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடுங்க. நாளைக்கு நெறைய நிக்கணும்" என்றாள்.

இன்றும் செயற்கைக்கோள் வரும் நாள். ஆய்வக மாடிக்குப் போக அனுமதி இல்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றேன், வெறுங்கையோடு. பத்து இருபத்தைந்து. போன் சட்டைப் பையில் இருந்தது. அரிசி டிரம்மில் போடவில்லை.

அடிக்கவில்லை.

பின்கழுத்து குளிர்ந்தது. இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். பகவதியின் மிளகாய்ப் பாயும், அதன் மேல் விழுந்து கிடந்த என் நிழலும்தான் இருந்தன. அளவெடுக்கிறவன், அளக்கிற இடத்தில் தன் நிழல் விழாமல் நிற்க வேண்டும் என்று கில்பர்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பத்தரை ஆகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வானம்: துல்லியம்.